உதடுகள் உரைக்கும் உண்மை

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாட்களில் புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவர்கள் உள்ளம் உருக்கும் ஒரு காட்சியைக் காண்பார்கள். காவி உடை உடுத்தி, கையில் செபமாலையும் தோளில் சிறு மூட்டையுமாக, வேளாங்கண்ணியை நோக்கி நடக்கும் திருப்பயணிகள் அணி அணியாக அரியாங்குப்பத்தைக் கடந்து செல்வார்கள். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்திற்கோ, செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவிற்கோ சென்று சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர்களது ஆவல். நமது அரியாங்குப்பம் ஆலயமும் ஆரோக்கிய அன்னையின் திருப்பெயரையே தாங்கி நிற்பதால், அவர்களுள் யாரேனும் நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் அதை அன்னையே அனுப்பிய விருந்தாக எண்ணுகிறோம்.

செம்பை வாங்கி வாயருகே கொண்டு செல்லும் அந்த முகங்களைச் சற்றே உற்று நோக்குங்கள். வெயிலும் உப்புக் காற்றும் பட்டு உதடுகள் கறுத்து, வறண்டு, வெடித்திருக்கும். அதைக் கண்டு, 'இவர்களுக்கு அழகு குறைந்துவிட்டதே' என்று நம்மில் எவரும் எண்ணுவதில்லை. 'தாகமாயிருக்கிறார்கள்' என்று எண்ணுகிறோம், மோர் கொடுக்கிறோம், நிழலில் உட்காரச் சொல்லுகிறோம்.

அதே கறுப்பும் வறட்சியும் நம் வீட்டுப் பெண்ணின் உதடுகளில் தோன்றும்போது மட்டும் நமது பார்வை ஏனோ மாறிவிடுகிறது. அதனைக் குறையென்கிறோம், மறைக்க முயல்கிறோம், கடைக்குச் சென்று சாயமும் களிம்பும் வாங்குகிறோம். அந்த உதடுகள் நம்மிடம் எதையோ சொல்ல வருகின்றன என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை முதலில் சொல்லுகிறோம். பெயரும் தெருவும் வேண்டியதில்லை. அந்த வீட்டுத் தலைவர் கடலுக்குச் செல்பவர். மனைவி நாள்தோறும் அதிகாலையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து சென்று விற்பவர். மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களுள் ஒருவர், 'பெண்ணின் உதடு ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது? உடம்புக்கு ஏதேனும் உண்டோ?' என்று அடுத்த வீட்டில் கேட்டுவிட்டார். அச்சொல் தெருவெல்லாம் சுற்றி அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

பாவம், அந்தப் பெண் படாத பாடு பட்டாள். நான்கைந்து வகை டியூப் மருந்துகளை வாங்கிப் பூசினாள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைத் தோலால் உதட்டைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் கல்லூரிக்குச் சென்று எரிச்சல் தாங்காமல் திரும்பினாள். அவளுடைய ஆயா மட்டும், 'வெண்ணெய் தடவு கண்ணு, போதும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அதைக் கேட்பதாக இல்லை.

இறுதியில் தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் பெண்ணின் உதடுகளையும் நாக்கையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்த்தார். 'இவள் நலமாக இருக்கிறாள். இது பிறவி நிறம். உதட்டை அடிக்கடி நாவால் நனைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடட்டும்' என்றார். பிறகு அருகில் நின்ற தாயைப் பார்த்தார். 'அம்மா, கொஞ்சம் உங்கள் கையைக் காட்டுங்கள்' என்றார்.

தாயின் உதடுகளும் கறுத்திருந்தன. வாயின் இரு மூலைகளிலும் வெடிப்பு இருந்தது. நாக்கு வழவழப்பாகச் சிவந்திருந்தது. விரல் மூட்டுகள் மையிட்டாற்போல் கறுத்திருந்தன. பாதங்களில் மரமரப்பு இருப்பதையும், ஆலயப் படியேறவே மூச்சு வாங்குவதையும் கேட்ட பிறகே அவர் சொன்னார். மகளின் உதட்டைப் பற்றி ஊரே பேசியது. தாயின் உதட்டை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது இதுதான். உதட்டின் நிறத்தைக் கண்டு நாணுவதற்கு மாறாக, அது உரைக்கும் உண்மையைக் கேட்டறிய வேண்டும். அதனை யாருடைய உதட்டில் முதலில் தேட வேண்டும் என்பதையும் அறிய வேண்டும்.

இறைவன் தந்த நிறம்

உதட்டின் தோல் மிக மெல்லியது. உடலின் மற்றப் பகுதிகளில் தோலுக்கு எண்ணெய்ப் பசை தரும் சுரப்பிகள் உள்ளன. உதட்டில் அவை இல்லையென்றே சொல்லலாம். வியர்வைச் சுரப்பிகளும் அங்கில்லை. ஆதலால் காற்றும் வெயிலும் மற்ற இடங்களைவிட உதட்டையே முதலில் வாட்டுகின்றன.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். அது வெயிலிலிருந்து நம்மைக் காக்க இறைவன் அமைத்த குடை போன்றது. நம் நாட்டவருள் பலருக்கு உதட்டிலும் ஈறுகளிலும் இயல்பாகவே அந்நிறப்பொருள் மிகுதியாக உண்டு. சிறு வயது முதலே ஒரே சீராக இருக்கும் கருமை நோயன்று. அதற்கு மருந்து தேடுவதும் தேவையன்று.

திருவிவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் மணமகள், தான் கருநிறத்தவள் என்பதை எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்லித் தன் அழகையும் சேர்த்தே பேசுகிறாள். திராட்சைத் தோட்டத்தைக் காவல் காக்க வெயிலில் நின்றதால் கருமையுற்றதாகவும் கூறுகிறாள். உழைத்துக் கறுத்த முகத்தை இறைவாக்கு இழிவாகக் கருதவில்லை. பெண் பார்க்கச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இதனை நெஞ்சில் இருத்திக்கொள்வது நலம்.

இதற்கு நேர்மாறாக, பிறவியில் இல்லாத கருமை புதிதாகத் தோன்றினாலும், அதனோடு வெடிப்பு, எரிச்சல், சோர்வு ஆகியவை சேர்ந்து வந்தாலும் அவற்றின் காரணத்தை ஆராய்ந்தே ஆக வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கேடுகள்

முதற்காரணம் நாவால் நனைப்பது. உதடு காய்கிறதே என்று நாவால் தடவுகிறோம். அந்த ஈரம் ஆவியாகும்போது உதட்டில் எஞ்சியிருந்த ஈரத்தையும் உடன் கொண்டு போய்விடுகிறது. உமிழ்நீரில் உள்ள செரிமானப் பொருள்களும் மெல்லிய தோலை அரிக்கின்றன. நனைக்க நனைக்க மேலும் காயும். பிள்ளைகளின் வாயைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருப்பதற்கு இப்பழக்கமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இரண்டாவது வெயிலும் கடற்காற்றும். வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தொழில் செய்வோர் மேலிருந்து வரும் வெயிலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் ஒருங்கே தாங்குகிறார்கள். கீழுதடு அதற்கு அதிகம் இலக்காகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பியோ தலைத்துண்டோ அவர்களுக்கு ஆடம்பரமன்று, பாதுகாப்பு.

மூன்றாவது புகையும் புகையிலையும். பீடி, சிகரெட்டு உதட்டையும் ஈறையும் கறுக்கச் செய்கின்றன. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் வழக்கம் அதனினும் கொடியது. அதன் முடிவு கருமையோடு நிற்பதில்லை.

நான்காவது ஒவ்வாமை. சிலருக்கு உதட்டுச் சாயமோ பற்பசையோ ஒத்துக்கொள்வதில்லை. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு உதடு புண்ணாகிப் பிறகு கறுப்பதும் உண்டு. எலுமிச்சைச் சாறும் அவ்வாறே. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் அதன்பின் கருந்தழும்பும் தோன்றும். உதட்டை வெளுக்க எலுமிச்சை பூசுங்கள் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உதட்டில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

முன்னோர் கண்ட மருந்து

ஆயாவின் வெண்ணெய்க்கு இப்பொழுது வருவோம். அது வெறும் பாட்டி வைத்தியம் அன்று; அதன் பின்னே நெடிய மரபு உண்டு. பண்டைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்கிதை, வாயில் தோன்றும் நோய்களை 65 என எண்ணி, அவற்றுள் 8 உதட்டுக்குரியவை என வகுக்கிறது. அந்த எட்டினுள் வாதத்தால் வருவதை விவரிக்கும்போது, உதடுகள் சொரசொரப்பாகி, விறைத்து, கறுத்து, வலியோடு வெடிக்கும் என்று குறிப்பிடுகிறது. கருமையையும் வறட்சியையும் ஒரே நோயின் இரு முகங்களாக அக்காலத்து மருத்துவர்கள் கண்டது வியப்புக்குரியது.

அதற்கு அந்நூல் கூறும் பூச்சு என்ன? நெய், எண்ணெய் முதலிய கொழுப்புப் பொருள்களோடு தேன்மெழுகைச் சேர்த்துத் தடவுவதே. இன்று கடைகளில் விற்கும் உதட்டுக் களிம்புகள் பலவற்றின் அடிப்படையும் மெழுகும் எண்ணெயுந்தான். மெழுகு, தோலின் ஈரம் வெளியேறாதபடி மேலே படலமாகப் படிகிறது. எண்ணெய் அதனை இளக்கமாக வைக்கிறது. பாஸ்கா திரியின் சிறப்பை அறிந்த நமக்குத் தேனீயின் உழைப்பால் விளைந்த இப்பொருள் புதியதன்று.

இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். துருவிய தூய தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நான்கு பங்கு எடுத்துச் சிறு கிண்ணத்தில் இட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்தால் மெழுகு உருகும். மெல்லிய துணியில் வடிகட்டிச் சிறு டப்பியில் ஊற்றி ஆறவைத்தால் களிம்பு அணியமாகிவிடும். நெய் சேர்த்தால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆதலால் நெய்யையோ வெண்ணெயையோ அன்றன்று தனியே பூசுவது நன்று. கடையில் விற்கும் மெழுகுதிரி பெரும்பாலும் பாரபின் என்னும் வேறு மெழுகாலானது. அதனைச் சுரண்டி இதற்குப் பயன்படுத்தலாகாது.

இரவு படுக்குமுன்னும், வெயிலில் செல்லுமுன்னும் மெல்லப் பூசினால் போதும். உரிந்து நிற்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. தேனை மெல்லியதாகப் பூசுவதும் நம் பக்கத்து வழக்கந்தான். ஆனால் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனைப் பூசவும் கூடாது, ஊட்டவும் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் சிசுக்களுக்கு உயிர்க்கேடு விளைவிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாதம் எதனால் மிகுகிறது என்று ஆயுர்வேதத்தைக் கேட்டால், பட்டினி, பசையற்ற வறண்ட உணவு, இரவு கண்விழித்தல், உடலை மீறிய உழைப்பு என்று அது பட்டியல் இடுகிறது. அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நம் வீடுகளில் அது யாருடைய வாழ்க்கை வரலாறு? ஆக, மேற்பூச்சு பாதி மருத்துவமே; மறுபாதி அடுக்களையில் இருக்கிறது.

குன்னூரிலிருந்து வந்த செய்தி

அடுக்களையின் பங்கை அறிவியல் முறைப்படி ஆராய்ந்தவர்கள் நம் தமிழகத்து மண்ணிலேயே பணியாற்றினார்கள் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. நீலகிரியில் உள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் சிறிய அளவில் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. பின்னர் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

குன்னூரில் மக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்றவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். அக்காலத்தில் அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்த தென்னிந்திய ஏழை மக்களிடையே வாய் மூலைகளில் வெடிப்பும் நாக்கில் புண்ணும் மிகுதியாகக் காணப்பட்டன. அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றிய பி. ஜி. கிருஷ்ணனும் 1936இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வாய்ப்புண்ணுக்கு உணவில் 'பி2' வைட்டமின் குறைவதே காரணம் என்று எடுத்துரைத்தனர். இருமல், காய்ச்சல் போல் ஒட்டிக்கொள்ளும் நோயன்று இது. தட்டில் ஒன்று குறைவதால் உதட்டில் தோன்றும் அடையாளம் என்று அவ்வாய்வு நமக்கு உணர்த்தியது. 1938இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்னும் இருவர், ரிபோஃப்ளேவின் எனப்படும் அச்சத்து குறைந்த உணவை உண்டவர்களின் உதடுகள் சிவந்து வெடிப்பதையும், அதனைக் கொடுத்தவுடன் ஆறுவதையும் காட்டினர்.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ரிபோஃப்ளேவின் தேவை. ஒரு தம்ளர் பாலில் அதில் ஆறில் ஒரு பங்கு அளவும், ஒரு முட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவும் கிடைக்கின்றன. கீரைகள், பருப்பு வகைகள், முளைகட்டிய பயறு, மீன், ஈரல், தயிர், மோர் ஆகியவற்றிலும் அது உண்டு. தீட்டி வெண்மையாக்கிய அரிசியில் மிகக் குறைவு. பலமுறை கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டிவிட்டால் இருப்பதும் போய்விடும். பாலை வெயிலில் திறந்து வைத்தால் அதிலுள்ள ரிபோஃப்ளேவின் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே பால் பாத்திரத்தை மூடி நிழலில் வைக்கும் நம் அன்னையரின் வழக்கம் அறிவார்ந்தது.

மணத்தக்காளிக் கீரையை வாய்ப்புண்ணுக்குத் தேங்காய்ப் பாலில் சமைத்து உண்ணும் நம் பழக்கமும் போற்றத்தக்கதே. வாரத்தில் நான்கு நாட்களேனும் முருங்கை, அகத்தி, மணத்தக்காளி, சிறுகீரை இவற்றுள் ஒன்று தட்டில் இருக்கட்டும். உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவுடனேயே தேநீரோ காப்பியோ அருந்தினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள்.

வாய் மூலை வெடிப்பு எல்லாமே வைட்டமின் குறைவன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பல் விழுந்த முதியோருக்கு வாய் மூலை மடிந்து ஈரம் தங்குவதால் காளான் தொற்று உண்டாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் அவ்வாறு வரலாம். உணவு மாற்றிய பின்னும் இரண்டு வாரத்தில் ஆறாத வெடிப்பை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வேலூரில் கண்டறிந்த கருமை

நாம் மேலே சொன்ன தாயின் கறுத்த விரல் மூட்டுகளுக்கு விளக்கம் கிடைத்தது வேலூரில். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், எஸ். ஜே. பேக்கரும் அவருடைய துணைவர்களும் இரத்தச்சோகையாளர்களை ஆராய்ந்தனர். கைகளிலும் கால்களிலும் புதிதாகத் தோன்றிய கருமை, 'பி12' வைட்டமின் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று 1963இல் அவர்கள் எழுதினர். அச்சத்தைக் கொடுத்தபோது அக்கருமை படிப்படியாக மறைந்தது. இக்குறையினால் உதட்டிலும் வாயின் உட்புறத்திலுங்கூடச் சிலருக்குக் கருமை படர்வதுண்டு.

பி12 நமக்கு வேண்டுவது மிக மிகச் சிறிதளவே. ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் இரண்டு பங்குக்குச் சற்று மேலானது ஒரு நாளுக்குப் போதும். ஆனால் அது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குவழி உணவுகளில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. ஒரு கைப்பிடி மத்தி மீனில் ஒரு நாளைய தேவைக்கு மேலேயே இருக்கிறது. உடல் இச்சத்தை ஈரலில் சேமித்து வைப்பதால், உணவில் நின்றுபோன பிறகும் சில ஆண்டுகள் குறை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது நரம்புகளும் பழுதுபடத் தொடங்கியிருக்கலாம். கால் மரமரப்பு அதன் குறிப்பே.

இதனோடு பிறந்த சகோதரி போன்றது ஃபோலிக் அமிலம். மும்பையில் ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட்டுச் சாற்றில் அதனைத் தீர்க்கும் ஒரு பொருள் உண்டென 1931இல் அறிவித்தார். அதுவே பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. கீரையிலும் பயறிலும் அது உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். பி12 குறைந்திருப்பதை அறியாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கினால் இரத்தம் தேறினாற்போல் தோன்றும். நரம்புக் கேடோ உள்ளே வளரும். ஆகவே இரத்தத்தைச் சோதிக்காமல் மாத்திரை வாங்கி உண்பது தவறு.

ஒரு பொருத்தனையின் கதை

அந்தத் தாய்க்கு இக்குறை எப்படி வந்தது? நாள்தோறும் கூடை கூடையாக மீன் விற்றவருக்கு மீனில் உள்ள சத்து இல்லாமற்போனது எவ்வாறு?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இளைய மகன் கொடிய காய்ச்சலில் கிடந்தபோது, 'பிள்ளை பிழைத்தால் இனி என் வாழ்நாளில் மீனும் இறைச்சியும் முட்டையும் தொடமாட்டேன் தாயே' என்று அவர் பொருத்தனை செய்திருந்தார். பிள்ளை பிழைத்தான். தாய் சொல் தவறவில்லை. கையெல்லாம் மீன் மணக்க வீடு திரும்பி, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சோற்றை ஊறுகாயோடு உண்டு வந்தார். வாங்கும் பாலோ படிக்கிற பிள்ளைகளுக்கே போதவில்லை. அவருடைய பங்கு கடுந்தேநீர்.

மருத்துவர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். உணவை மாற்றும்படியும் சொன்னார். தாய் ஊசிக்கு இசைந்தார், உணவுக்கு இசையவில்லை. 'அன்னைக்குக் கொடுத்த வாக்கை மீறுவதைவிட இந்த உடம்பு போனாலும் போகட்டும்' என்றார். அவருடைய விசுவாசத்தின் முன் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. திருச்சபை ஒரு தாய். தன் பிள்ளைகளின் நலிவைக் கண்டு வாளாவிருப்பவள் அல்லள்.

ஆயா தம் மருமகளைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்றார். 'சாமி, இவளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்' என்று முறையிட்டார். பங்குத்தந்தை பொறுமையோடு கேட்டு விளக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1196ஆம் எண்ணின்படி, நேரிய காரணம் இருக்குமானால், பிறருடைய உரிமைக்கு ஊறு நேராதவாறு, தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. 1197ஆம் எண்ணின்படி, பொருத்தனை செய்தவர் அதற்கு ஈடான அல்லது அதனினும் சிறந்த ஒரு நற்செயலாக அதனை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. வாக்கை மீறுவது வேறு; திருச்சபையின் கையால் அது விடுவிக்கப்படுவது வேறு.

அந்தத் தாய் நெடுநேரம் அழுதார். பின்பு தம் பொருத்தனையை மாற்றிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் தம் கூடையிலிருந்து ஒரு பங்கு மீனை, விலை பெறாமல், தெருவில் தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்குக் கொடுக்கிறார். அன்னைக்கு இந்தக் காணிக்கை குறைந்ததாக இராது என்றே நாம் நம்புகிறோம். சில திங்கள்களில் விரல் மூட்டுகளின் கருமை வெளிறியது. வாய் மூலை ஆறியது. படியேறினால் மூச்சு வாங்குவதும் நின்றது.

தவக்காலத்திலும் இதனை நினைவிற்கொள்வோம். திருச்சபை விதிக்கும் ஒருசந்தி 18 வயது நிறைந்தோருக்கு, 60ஆம் வயது தொடங்கும்வரைதான். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோருக்கு உரியது. நோயுற்றோரும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் உடல்நிலைக்கேற்ப விலக்குப் பெறுவர். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குவோர் பாலும் முட்டையும் மீனும் பயறும் உண்ணத் தடையேதும் இல்லை.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

சில அடையாளங்களைக் கண்டால் வீட்டு மருந்தில் நாளைக் கடத்தக் கூடாது.

உதட்டில், குறிப்பாகக் கீழுதட்டில், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தடிப்போ வெண்படையோ இருந்தால், புகையிலைப் பழக்கமுள்ளவரும் வெயிலில் உழைப்பவரும் உடனே காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்த இயலும்.

குழந்தையின் உதடு திடீரென நீலம் பாய்ந்தால் அது நெஞ்சோ நுரையீரலோ தரும் அபாய அறிவிப்பு. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

சிறு வயதிலிருந்தே உதட்டிலும் வாயின் உள்ளும் கரும்புள்ளிகள் பலவாகத் தோன்றி, அடிக்கடி வயிற்று வலியும் வந்தால் குடலைச் சோதிக்க வேண்டும். ஈறும் உதடும் புதிதாகக் கறுத்து, எடை குறைந்து, தாங்காத சோர்வும் உப்பின்மேல் ஓயாத ஆவலும் இருந்தால் அட்ரீனல் சுரப்பியின் குறையாக இருக்கலாம்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை உட்கொள்ள விரும்புவோர் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவரிடமே பெறவேண்டும். பெயரும் சேர்மானமும் அச்சிடாத சூரணங்களையும் செந்தூரங்களையும் சந்தையில் வாங்கி உண்பது ஆபத்து. 1823இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியில் வேர்கொண்டு வளர்ந்த ஜிப்மர் நம் அருகிலேயே இருக்கிறது. அரசு சுகாதார நிலையங்களும் உள்ளன. ஒரு துளி இரத்தம் பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

யாருடைய தட்டு கடைசி?

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, பிள்ளைகளே! இன்றிரவு குடும்பச் செபம் முடிந்து உணவுக்கு அமரும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யாரோ, அவரை உங்களோடு அமரச் செய்யுங்கள். அவருடைய தட்டில் மீன் துண்டு இருக்கிறதா, கீரை இருக்கிறதா, பால் அவருக்கும் மிஞ்சியதா என்று பாருங்கள். அவர் பேசும்போது அவருடைய உதடுகளைப் பாருங்கள்.

தாகத்தோடு வாசலில் நிற்கும் திருப்பயணிக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்த நமக்கு, அடுக்களையில் நிற்பவரின் வறட்சி தெரியாமற்போகலாமா? ஆரோக்கிய அன்னையின் பெயரைச் சொல்லி வாழும் நாம், நம் இல்லத்து அன்னையின் ஆரோக்கியத்தைக் காப்பதும் அவளுக்குச் செய்யும் வணக்கமேயாகும்.